எட்டு டாலர்

எட்டு டாலர் என்று நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. சொல்லி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இன்றைக்கு அந்த எட்டு டாலர், கறுப்பு மையில் சாய்வான கையெழுத்தில் ஓர் அட்டையில் ஏறி, மரப்பெட்டிக்குள் ஒரு பழைய ரிவால்வரோடு படுத்திருக்கிறது. போன நவம்பரில் நன்றி நவிலும் நாள் விருந்துக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களை அழைத்திருந்தார். அவருடைய பேத்திக்குப் பத்து வயது இருக்கும். வந்தவர்களுக்கெல்லாம் பெட்டியைத் திறந்து காட்டி, அட்டையை உரக்கப் படித்தாள். "1865இல் போர் முடிந்து வீடு திரும்பும்போது அரசாங்கத்துக்கு எட்டு டாலர் கொடுத்து வாங்கியது." படித்து முடித்ததும் நேராக என்னைப் பார்த்தாள். வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளை வாத்தியார் முகத்தைப் பார்க்குமே, அந்தப் பார்வை. என் வாயில் உணவு இருந்தது. அதனால் தப்பித்தேன்.

என்னைத் துப்பாக்கி நிபுணன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபர்டில் காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கணினியில் வேலை செய்கிற பல நூறு தமிழர்களில் நானும் ஒருவன். இதுவரை ஒரு துப்பாக்கியையும் சுட்டதில்லை. சுடும் ஆசையும் இல்லை. ஆனால் இந்த ஊரில் 91ஆம் நெடுஞ்சாலையில் போகிறவன் தினமும் அந்த நீல நிறக் குமிழ் மாடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். வெங்காய வடிவம், மேலே தங்க நட்சத்திரங்கள், உச்சியில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைக்குட்டி. சாமுவேல் கோல்ட்டின் ஆயுத ஆலை. வந்த புதிதில் அதை ஏதோ ரஷ்ய தேவாலயம் என்றே நினைத்திருந்தேன். பனிக்காலத்து ஓய்வு நாள் ஒன்றில், வீட்டில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல், சட்டமன்றக் கட்டடத்துக்கு எதிரே மாநில நூலகத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கோல்ட் ஆலையின் சொந்தச் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. அன்று தொடங்கிய கிறுக்கு இது.

அன்று நான் செய்த முதல் தவறை இன்றும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. கண்ணாடிப் பேழைக்குள் ஒரு கோல்ட் நேவி ரிவால்வர். அதன் உருளையைச் சுற்றிப் பாய்மரக் கப்பல்கள் சண்டையிடும் காட்சி, மயிரிழைக் கோடுகளில். கீழே பொடி எழுத்தில் '16 மே 1843'. ஆகா, 1843இல் செய்த துப்பாக்கி என்று மனத்தில் குறித்துக்கொண்டு அடுத்த பேழைக்கு நகர்ந்துவிட்டேன். உண்மையில் அந்த ரிவால்வர் 1850 வாக்கில்தான் ஆலையை விட்டு வெளியே வரத் தொடங்கியது; 1873 வரை வந்துகொண்டிருந்தது. 1843 என்பது டெக்சஸ் தனிக் குடியரசாக இருந்த காலத்தில் அதன் கடற்படைக்கும் மெக்சிகோவின் கடற்படைக்கும் காம்பெச்சே கரைக்கு அப்பால் நடந்த சண்டையின் தேதி. கோல்ட்டின் தொடக்ககால ரிவால்வர்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் டெக்சஸ் கடற்படையும் ஒன்று. அந்த நன்றிக்காக, வங்கி நோட்டுகளுக்குத் தகடு செதுக்கும் ஆர்ம்ஸ்பி என்பவரை வைத்து அந்தக் காட்சியை வெட்டச் செய்தார் கோல்ட். சரி, ஆண்டுதான் இப்படி. ஊராவது சரியா என்றால், குழலின் மேல் பெரும்பாலும் 'கர்னல் கோல்ட், நியூயார்க்' என்றிருக்கும். செய்ததோ ஹார்ட்ஃபர்டில். கர்னல் பட்டமும் மாநில ஆளுநர் கொடுத்தது. எந்தப் போர்க்களத்திலும் சம்பாதித்ததல்ல. ஒரே பொருளின் மேல் ஆண்டு, ஊர், பட்டம் மூன்றும் இருக்கின்றன. எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டவன் மூன்றிலும் ஏமாந்தான்.

ஏமாந்ததில் எனக்கு வெட்கம் அதிகம், ஏனென்றால் இந்தச் சங்கதி எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவில் அத்தையின் பெயரும் '12-9-54' என்ற தேதியும் வெட்டியிருக்கும். அது அத்தையின் கல்யாணத் தேதி. அண்டா அதற்கும் முந்தியது. எங்கிருந்தோ பழசாக வாங்கி, ஈயம் பூசி, பளபளவென்று துலக்கிச் சீரில் வைத்த கதையைப் பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாள். பொருளின் மேல் இருக்கும் தேதி அந்தப் பொருளின் பிறந்த நாள் அல்ல என்பதை அண்டாவிடம் கற்றவன் துப்பாக்கியிடம் கோட்டைவிட்டேன்.

எழுத்தை நம்பலாமா

பழைய அமெரிக்கத் துப்பாக்கியின் வயதைக் கணிப்பது என்பது பாதிக்குமேல் எழுத்தைச் சந்தேகப்படுகிற வேலை. அதிகம் பேரை ஏமாற்றுவது காப்புரிமைத் தேதி. வின்செஸ்டர் 1873 ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். குழலின் மேல் கிங் என்பவரின் மேம்பாட்டுக்கு மார்ச் 29, 1866இல் கிடைத்த காப்புரிமையும், அதோடு அக்டோபர் 16, 1860 என்ற தேதியும் இருக்கும். 1860 என்பது அதற்கு முன்னோடியான ஹென்றி ரைஃபிளுக்கு வாங்கிய காப்புரிமை. ரைஃபிளோ 1873 மாதிரி; விற்பனை இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1895இல் செய்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு '1861-65இன் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தியது' என்று ஆணையிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்து அவர்கள் பக்கம்தான் இருக்கிறது, பாவம். ஆனாலும் காப்புரிமைத் தேதி பயனற்றது அல்ல. அந்தத் தேதிக்கு முன்னால் அந்தத் துப்பாக்கி பிறந்திருக்க முடியாது. கீழ் எல்லையைச் சொல்லும், மேல் எல்லையைச் சொல்லாது. கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வரின் உடலில் முதலில் 1871, 1872 என்று இரண்டு தேதிகள் இருந்தன. பிறகு ஜனவரி 19, 1875 சேர்ந்தது. மூன்றாவது தேதி இருந்தால் அதற்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

அரசு ஆலைத் துப்பாக்கிகள் இன்னொரு விதமாகக் காலை வாரும். மாசசூசெட்ஸின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் செய்த 1861 மாதிரி மஸ்கெட்டில் (காலாட்படையின் நீண்ட துப்பாக்கி), சுத்தியலுக்குப் பின்னால், சுடும் பொறியைத் தாங்கும் பூட்டுத் தகட்டில் இருக்கும் ஆண்டு அந்தத் தகட்டைச் செய்த ஆண்டேதான். 1863 என்றால் 1863. அதே ஆலை அடுத்த பத்தாண்டில் செய்த, பின்புறம் கதவு போலத் திறக்கும் 'ட்ராப்டோர்' ரைஃபிளில் 1873 என்றிருந்தால் அது மாதிரியின் பெயர். அதன் உண்மையான வயதுக்குக் கட்டையின் இடப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சிறு சட்டத்துக்குள் தலைமை ஆயுதக் கலைஞர் சாமுவேல் போர்ட்டரின் முதலெழுத்துகளும், கீழே ஓர் ஆண்டும் மரத்தில் அழுத்தியிருக்கும். ஒரே ஆலை, இடையில் பத்தே ஆண்டு. இரும்பில் வெட்டிய ஆண்டுக்கு இரண்டு பொருள்!

வரிசை எண்ணாவது நேர்மையானதா என்றால், அதற்கும் ஒரு மொழி உண்டு. ஷார்ப்ஸ் என்ற துப்பாக்கி நிறுவனம் ஒரு லட்சத்தைத் தாண்டியதும் முழு எண்ணையும் வெட்ட இடமில்லை என்பதாலோ என்னவோ, லட்சத்துக்குப் பதில் 'சி' என்ற எழுத்தைப் போட்டது. ரோமானியக் கணக்கில் நூறுக்கான எழுத்து. தெரியாதவன் அந்தச் 'சி'யை விட்டுவிட்டு மீதியைப் படித்தால் துப்பாக்கிக்குப் பல ஆண்டு வயது கூடிவிடும். வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் வயோமிங்கில் கோடி என்ற சிற்றூரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எண்ணை அனுப்பிக் கட்டணம் கட்டினால் பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் தருவார்கள். ஆனால் பல பத்தாண்டுகளாகக் கைக்குக் கை மாறிவந்த ஆண்டுப் பட்டியல்களும் அந்தப் பதிவேடும் சில மாதிரிகளில் ஒத்துப்போவதில்லை. இதில் சண்டை வேறு நடக்கும், ஏனென்றால் காசு இருக்கிறது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி 1898 முடியும் வரை செய்தவை தொல்பொருள். 1899 பிறந்துவிட்டால் அது வெறும் பழைய துப்பாக்கி. நடுவில் ஒரு புத்தாண்டு இரவு. 1899 ஜனவரியில் பிறந்த ரைஃபிளை எப்படியாவது ஒரு மாதம் முன்னால் பிறக்கவைக்க மனிதர்கள் படும் பாட்டைப் பார்த்தால், பள்ளியில் சேர்க்கப் பிறந்த தேதியை மாற்றிய எங்கள் ஊர்ப் பெற்றோர்கள் எவ்வளவோ தேவலை.

கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் இதையெல்லாம் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளில் பூதக்கண்ணாடியோடு அலைந்தேன். இத்தாலியில் செய்த நகல்களை அடையாளம் காணக் கற்றேன். உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கியபோது, 1950களின் இறுதியில், அவற்றுக்கு ஒரு சந்தை பிறந்தது. குழலின் அடியில் நட்சத்திரத்துக்குக் கீழே 'பி.என்.' என்று ஒரு முத்திரை. இத்தாலிய மொழியில் கரிமருந்து என்பதன் சுருக்கம். பக்கத்தில் சிறு கட்டத்துக்குள் 'ஏஏ' என்றிருந்தால் அது 1975. அமிலத்தில் ஊறவைத்து, மண்ணில் புதைத்து, தாத்தா காலத்துச் சாமான் என்று விற்கிறவர்கள்கூட அந்தச் சின்னக் கட்டத்தை அழிக்க மறந்துவிடுவார்கள். ஒருமுறை அதைக் காட்டி ஒரு நண்பரின் முந்நூறு டாலரைக் காப்பாற்றினேன். அதிலிருந்து தலைக்கனம் கொஞ்சம் ஏறிவிட்டது. அந்தத் தலைக்கனத்தோடுதான் பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

மூன்றாவது வரி

பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. விமான எஞ்சின் ஆலையில் நாற்பது ஆண்டு லேத் ஓட்டியவர். என் கிறுக்கைப் பற்றி என் மனைவி வேலிக்கு மேலே சொல்லிவைத்திருக்கிறாள். ஒரு சனிக்கிழமை காலை அவரே வந்து கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு ரெமிங்டன். எட்டங்குல எண்முகக் குழல், பித்தளையில் விசைக் காப்பு, வால்நட் கட்டைப் பிடி. உலோகம் முழுவதும் புளி போட்டுத் தேய்க்காத குத்துவிளக்கின் நிறம். கொள்ளுத் தாத்தாவின் அப்பா 1858இல் வாங்கியது என்றார். அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் 1862 செப்டம்பரில் ஆன்டீட்டம் போருக்குப் போனாராம். ஹார்ட்ஃபர்ட் வட்டாரத்து ஆட்களைத் திரட்டி அமைத்த 16ஆவது கனெக்டிகட் காலாட்படை. பணிக்கு வந்து மூன்றே வாரத்தில், துப்பாக்கியைச் சரியாகப் பிடிக்கக்கூடப் பழகாத நிலையில் போர்க்களத்து மக்காச்சோளக் காட்டுக்குள் தள்ளப்பட்ட படை. இவ்வளவையும் அவர் சொன்னபோது அவர் குரல் பழைய போட்டோவின் முன் நிற்பவரின் குரலாக இருந்தது.

முதலில் உள்ளே ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் மருந்தும் குண்டுமாக அப்படியே இருக்கும் துப்பாக்கிகள் உண்டு. அறைகள் ஆறும் காலி. தீபாவளிக்குக் கேப் வெடித்தவர்களுக்கு இந்தத் துப்பாக்கியை விளக்க வேண்டியதில்லை. உருளையின் பின்புறம் இருக்கும் கூம்புகளில் அதே போன்ற ஒரு செப்புக் கேப்பை மாட்டினால் சுத்தியல் அதை அடிக்கும், தீ மருந்துக்குப் போகும். அப்புறம் குழலின் மேலே பூதக்கண்ணாடியை வைத்தேன். முதல் வரியில் காப்புரிமை செப்டம்பர் 14, 1858. இரண்டாம் வரியில் ஈ. ரெமிங்டன் அண்டு சன்ஸ், இலியன், நியூயார்க். மூன்றாவது வரி தேய்ந்துபோயிருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். 'நியூ மாடல்'.

அந்த இரண்டு சொற்களில் கதை முடிந்துவிட்டது. 1858 என்பது ஃபோர்டைஸ் பீல்ஸ் என்பவர் உருளையின் அச்சைத் தாங்கும் அமைப்புக்கு வாங்கிய காப்புரிமை. அதனாலேயே உலகம் முழுவதும் இந்த ரிவால்வரை '1858 ரெமிங்டன்' என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயரில் இன்றும் நகல்கள் விற்கின்றன. ஆனால் 1858இல் இப்படி ஒரு ராணுவ ரிவால்வரை ரெமிங்டன் விற்கவே இல்லை. பீல்ஸ் பெயரில் வந்தது முதல் வடிவம். 1861 இறுதியில் எலியட் என்பவரின் காப்புரிமையோடு இரண்டாவது. மூன்றாவதுதான் நியூ மாடல். அது 1863இலிருந்து 1875 வரை. பெரியவரே ஒன்றைக் கவனித்தார், லேத் ஓட்டிய கண் அல்லவா: குழல் உடலில் திருகி இறங்கும் இடத்தில் கொஞ்சம் மரை வெளியே தெரிகிறதே, இது ஏன் என்றார். நியூ மாடலின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. உருளையின் பின் விளிம்பில் அறைகளுக்கு இடையே இருக்கும் சிறு பள்ளங்கள் இன்னொன்று. சுத்தியலை அதில் இறக்கிவைத்தால் தவறி விழுந்தாலும் வெடிக்காது. எல்லாமே ஒரே பக்கம் கையைக் காட்டின. 1862 செப்டம்பரில் இந்தத் துப்பாக்கி இந்த வடிவத்தில் இந்த உலகத்திலேயே இல்லை.

இதை அப்படியே சொல்லிவிட்டேன். மருத்துவர் முடிவைச் சொல்வது போல ஒரு முன்னுரையாவது போட்டிருக்கலாம். பெரியவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. துண்டின் நுனியை மடித்து மடித்துப் பிரித்தார். "அப்படியா" என்றார். பிறகு, "என் அப்பா பொய் சொல்கிறவர் இல்லை" என்றார். அப்பா பொய் சொல்லவில்லை, குழலில் 1858 என்று எழுதியிருக்கிறது, அவர் படித்ததைச் சொன்னார் என்று விளக்கினேன். விளக்கம் சரிதான். ஆனால் பெட்டியை மூடும்போது அவர் கை அதைத் திறந்தபோது இருந்த கை அல்ல. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, "உன்னிடம் வயது கேட்டார், நீ சாவைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்" என்றாள்.

இரண்டாம் முறை

பத்து நாள் கழித்து நானே போனேன். குற்ற உணர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கருவிகளை அவரே எடுத்துவந்தார்; என்னைவிட நூறு மடங்கு பக்குவமாகத் திருகாணியைக் கழற்றினார். பிடிச்சட்டத்தின் இடப்பக்கத்தில் ஒரு வரிசை எண். குண்டை அழுத்தி ஏற்றும் நெம்புகோலைத் தாழ்த்தினால் குழலின் அடியில் இன்னோர் எண். இரண்டும் ஒன்றே. குழலும் உடலும் பிறந்ததிலிருந்து பிரியவில்லை. பிறகு விசைக் காப்பில், உருளையில், குழலின் ஓரத்தில் அரிசி அளவில் தனித்தனி எழுத்துகள் கண்ணில் பட்டன. இடப்பக்கப் பிடியில், உள்ளங்கை பட்டுப் பட்டு மழுங்கிய மரத்தில், ஒரு நீள்வட்டத்தின் நிழல். உள்ளே முதலெழுத்துகள் இருந்த சுவடு. படிக்க முடியவில்லை, ஆனால் சுவடு இருந்தது.

ராணுவ ஆய்வாளர் முத்திரை. கடையில் விற்கப்பட்ட ரிவால்வருக்கு இது இருக்காது. ஆலைக்கே வந்து ஒவ்வோர் உறுப்பையும் சோதித்து, தேறியதில் தன் எழுத்தைப் பதித்து, கடைசியில் பிடியில் முத்திரை குத்துவார்கள். உள்நாட்டுப் போரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரெமிங்டன் ரிவால்வர்களை அரசு வாங்கியது. 1864 பிப்ரவரியில் எங்கள் ஹார்ட்ஃபர்ட் கோல்ட் ஆலை தீப்பிடித்து எரிந்த பிறகு ராணுவத்துக்கு ரெமிங்டனே முதன்மைப் பிடிமானம். அப்படியானால் பெரியவர் கையில் இருப்பது போர்க்காலத்துத் துப்பாக்கிதான். ஆன்டீட்டம் இல்லை; ஆனால் அந்தப் போர்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்த இடத்தில்தான் என் புத்தி தடம் புரண்டது. அந்த மலர்ச்சியை இன்னும் கொஞ்சம் நீட்டிக்க வேண்டும் போலிருந்தது. 1865 மே 30 அன்று ராணுவம் ஓர் ஆணை பிறப்பித்தது, விடுவிக்கப்படும் வீரர்கள் தங்கள் ஆயுதத்தை விலை கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று. மஸ்கெட் ஆறு டாலர், ஸ்பென்சர் கார்பைன் என்ற குட்டை ரைஃபிள் பத்து டாலர், வாள் மூன்று டாலர். ரிவால்வர் எட்டு டாலர். இதை நான் படித்திருந்தேன், விலைகள் நாக்கு நுனியில் இருந்தன. "ஒருவேளை உங்கள் முன்னோர் வீடு திரும்பும்போது எட்டு டாலர் கொடுத்து வாங்கியிருக்கலாம்" என்றேன்.

இருக்கலாம் என்றுதான் சொன்னேன். தெளிவாக நினைவிருக்கிறது. ஒருவேளை என்றும் சொன்னேன். ஆனால் எட்டு என்ற எண் அந்த 'ஒருவேளை'யையும் அந்த 'இருக்கலாம்'ஐயும் ஒரே வாயில் விழுங்கிவிட்டது. எண்ணுக்கு அந்த வல்லமை உண்டு. 1858 என்ற எண் அவர் அப்பாவுக்குச் செய்ததை என் எட்டு அவருக்குச் செய்தது. ஒரு பொய்த் தேதியைப் பிடுங்கிய இடத்தில், என் கையாலேயே இன்னொன்றை நட்டுவிட்டு, தண்ணீரும் ஊற்றிவிட்டு வந்தேன்.

சொல்லும்போதே எனக்கு ஒன்று உறுத்தியது. ஆணை சொன்னது அவரவர் கையில் இருக்கும் ஆயுதத்தை. காலாட்படைச் சிப்பாயின் கையில் இருப்பது மஸ்கெட். ரெமிங்டன் ரிவால்வர்கள் பெரும்பாலும் போனது குதிரைப்படைக்கு. அப்படியென்றால் அவருக்கு ஆறு டாலர்க் கணக்குதான் பொருந்தும், எட்டு அல்ல. அந்த உறுத்தலை அன்று வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அன்றிரவே 16ஆவது கனெக்டிகட்டின் கதையைத் தேடிப் படித்தேன். முதல் தடவை போவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். 1864 ஏப்ரல் 20 அன்று வட கரோலினாவின் பிளைமவுத் கோட்டை எதிரிகளான தென்மாநிலப் படையிடம் வீழ்ந்தது. அங்கே இருந்த 16ஆவது படை ஏறக்குறைய முழுவதுமாகச் சிறைப்பட்டது. கொடி எதிரியின் கையில் போய்விடக் கூடாது என்று அதைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஆளுக்கு ஒரு துண்டாக உடைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். பிறகு ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறை முகாம். அங்கே அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் ஏறத்தாழ 13,000 பேர் பசியிலும் நோயிலும் செத்தார்கள். பெரியவரின் முன்னோர் பிழைத்து வந்தார். குடும்பம் தழைத்திருக்கிறதே, அதுவே சாட்சி. ஆனால் அந்தப் படையோடு பிளைமவுத்தில் பிடிபட்ட ஒருவனிடம் மஸ்கெட்கூட மிஞ்சியிருக்காது. எந்த ஆயுதத்தை அவன் எட்டு டாலர் கொடுத்து வைத்துக்கொள்வான்? மறைத்துவைத்த கொடித் துண்டுகளைப் போருக்குப் பின் சேகரித்து, வெண்பட்டில் தைத்து, மறுபடியும் ஒரு கொடியாக்கினார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்த வீட்டில் பெருமையோடு சொல்ல வேண்டிய கதை இது. நான் கொடுத்ததோ விலைப்பட்டியல்.

அப்படியானால் துப்பாக்கி எப்படி வந்திருக்கும்? வழிகள் எத்தனையோ. போர் முடிந்ததும் அரசு தேவைக்கு மிஞ்சிய ஆயுதங்களை மூட்டை மூட்டையாக ஏலம் விட்டது. நியூயார்க்கில் பிரான்சிஸ் பேனர்மேன் என்ற வியாபாரி அவற்றை வாங்கிக் குவித்து, படம் போட்ட விலைப்பட்டியல் அச்சடித்து, அஞ்சலில் விற்றார். சரக்கு வைக்க இடம் போதாமல் 1900இல் ஹட்சன் ஆற்றில் ஒரு தீவையே வாங்கினார். ஆற்றோர ரயிலில் போனால் அவர் கட்டிய கோட்டையின் இடிபாடு இன்றும் தெரியும். ஆய்வாளர் முத்திரையோடு கூடிய நல்ல ரெமிங்டனைச் சில டாலருக்கு யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். பெரியவரின் தாத்தா, போர்வீரரின் மகனின் மகன், இளவயதில் அப்படி ஒன்றைத் தருவித்திருக்கலாம். தாத்தாவுடைய தாத்தாவைப் பற்றிய கதை ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம். ஒரே மேசை இழுப்பறையில் அறுபது ஆண்டு கிடந்ததில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பாருங்கள், மறுபடியும் தொடங்கிவிட்டேன். இதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

அட்டை

விருந்துக்கு மறுநாள் அட்டை ஒன்று எழுத உட்கார்ந்தேன். உறுதியாகச் சொல்ல முடிந்ததை மட்டும் எழுதுவது என்று தீர்மானம். மூன்று தடவை கிழித்தேன். இரண்டாம் தடவையில் பேனர்மேன் நுழைந்துவிட்டார். மூன்றாவதில் 'பெரும்பாலும்' என்ற சொல் வந்து உட்கார்ந்தது. அடித்து அடித்துக் கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி ரிவால்வர், 44 காலிபர். இலியன், நியூயார்க். 1863க்குப் பின் செய்தது. குழல், பிடிச்சட்டம் எண்கள் ஒன்றே. அமெரிக்க ராணுவ ஆய்வாளர் முத்திரைகள் உண்டு. 1858 என்பது காப்புரிமை ஆண்டு. அதற்குக் கீழே அட்டையில் பாதி வெறுமையாக இருந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். எட்டு டாலரைப் பற்றிச் சொன்னேன், என் அவசரம் என்றேன். பிளைமவுத்தைப் பற்றியும் கொடியைப் பற்றியும் சொன்னேன். கொடிக் கதை அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. ஆனால் அதையும் ரிவால்வரையும் அவர் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லையாம். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, என் அட்டையை இரண்டு தடவை படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இதில் அவர் பெயர் இல்லையே" என்றார்.

இல்லைதான். எழுத வழி இருந்தால் எழுதியிருப்பேன் என்றேன். தலையை ஆட்டினார். பெட்டியைத் திறந்து, பேத்தி படித்த அட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். என் அட்டையைத் துப்பாக்கிக்கு அடியில், வெல்வெட்டின் மேல் வைத்தார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தப் பழைய அட்டையையும் எடுத்து அதன் மேலேயே வைத்து மூடினார்.